போந்தால்தோ பாலத்தை மறித்த பேருந்து

ஒர்னெல்லாவால் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் சும்மா உட்கார முடியாது. மலை உச்சியில், எங்கள் ரோவெரேஸ் ஊருக்கு ஏறி வரும் பேருந்து திரும்புகிற இடத்தில் என் காப்பிக் கடை இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு வருவாள், நின்றபடியே ஒரே மடக்கில் காப்பியைக் குடிப்பாள், உடனே வெளியே போய், பனியில் வழுக்காமலிருக்கச் சக்கரத்தில் மாட்டிய சங்கிலியை உதைத்துப் பார்ப்பாள். "இப்படிப்பட்டவ ஓட்டுநர் வேலையில எப்படிடி நாள் முழுக்க உட்கார்ந்திருக்கே?" என்று ஒருமுறை கேட்டேன். "வண்டி நகருதுல்ல" என்றாள்.

பள்ளிக்கூடத்தில் என் பக்கத்துப் பெஞ்சு அவள். இருபத்தைந்து வயதில் பேருந்து ஓட்ட வந்தாள். எங்கள் பள்ளத்தாக்கில் அந்த வேலைக்கு வந்த முதல் பெண் அவள்தான். நடுவில் ஒரு கல்யாணம் நடந்து, நாலு வருஷத்தில் முடிந்தும் போனது. அதன் பிறகு தம்பி ஃபௌஸ்தோவின் வீட்டு மாடியில் குடியிருந்தாள். கீழ்த்தளத்தில் ஃபௌஸ்தோ பனிச்சறுக்குக் கட்டைகளும் பூட்ஸுகளும் வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தான். காலையில் அவள் கிளம்பும்போது அவன் ஷட்டரைத் தூக்குவான். "டேய், நேத்து சூப்புல உப்பே இல்லடா" என்று படியிறங்கிக்கொண்டே கத்துவாள். அவன் பதிலுக்கு ஏதாவது சொல்வதற்குள் தெருமுனைக்குப் போயிருப்பாள்.

கீழே ஆற்றங்கரையில் போந்தால்தோ. ரயிலடி, ஆஸ்பத்திரி எல்லாம் அங்கேதான். பாலம் தாண்டினால் பதினாலு கிலோமீட்டர், பத்தொன்பது கொண்டை ஊசி வளைவு. குளிர்காலத்தில் ஒர்னெல்லாவும் இன்னொரு ஓட்டுநர் சில்வானோவும் ஆளுக்கு நாலு நடை ஓட்டினார்கள். ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போகிற பிரீமோ கிழவர், அவ்வளவுதான் கூட்டம். சறுக்க வருகிற ஆயிரக்கணக்கானவர்கள் காரில்தான் வந்தார்கள்.

மூன்று குளிர்காலங்களுக்கு முன்னால் எங்கள் சறுக்குத் தலத்துக்குப் பசுமைச் சான்று கிடைத்தது. ரோப் கார் கம்பெனி அதற்காக நிறையவே செய்திருந்தது. உச்சி நிலையத்தின் கூரை முழுக்கச் சூரியத் தகடுகள். ஓட்டல்களுக்கு மரச்சீவல் எரித்துச் சூடு. சரிவில் பனியைச் சமன்படுத்த பேட்டரியில் ஓடும் எந்திரம். என் கடையிலும் பிளாஸ்டிக் கோப்பையை நிறுத்திவிட்டு மக்காச்சோள மாவில் செய்த கோப்பை கொடுக்கச் சொன்னார்கள். சூடாகக் காப்பி ஊற்றினால் அது மெல்லக் குனிந்து வணக்கம் சொல்லும். இருந்தாலும் சான்றோடு வந்த பச்சைக் கொடியை ஏற்றிய அன்று பாண்டு வாத்தியம் வைத்தார்கள், நானும் கைதட்டினேன்.

அந்தச் சான்றுக்காகச் சோதனை செய்ய வந்தவள் பெயர் தாமியானா. நகரத்துப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். அவள் ரயிலில் வந்து, ஒர்னெல்லாவின் பேருந்தில் ஏறித்தான் மேலே வந்தாள். வேலை முடிந்து மத்தியானம் இறங்கிப் போனபோது வண்டியில் அவள் ஒருத்திதான்.

"கார் இல்லையா உங்களுக்கு?" என்று ஒர்னெல்லா கேட்டிருக்கிறாள்.

"லைசென்ஸே இல்லை. ஓட்டத் தெரியாதவதான் புகையை அளக்கப் போறாளாம்னு ஆபீஸ்ல சிரிப்பாங்க."

"எங்க ஊரு பாஸா, ஃபெயிலா?"

"பாஸ். நல்ல மார்க்கு."

"அப்புறம் ஏன் முகத்தை இப்படி வச்சிருக்கீங்க?"

தாமியானா ஜன்னலுக்கு வெளியே கைகாட்டினாளாம். எதிரே கார்கள் ஒன்றன் பின் ஒன்றாக ஏறிக்கொண்டிருந்தன. "நான் எனக்காகத் தனியா ஒண்ணு போட்டுப் பார்த்தேன். இந்த மலையால கிளம்புற புகையில பாதிக்கு மேல ரோப் கார்லயும் இல்ல, ஓட்டல்லயும் இல்ல. இதோ, இதுல இருக்கு."

"அப்ப எப்படிப் பாஸ் போட்டீங்க?"

"படிவத்துல இதுக்குக் கட்டமே கிடையாது. சறுக்குத் தலத்தோட கேட்டுக்கு உள்ள நடக்குறதைத்தான் கேக்குறாங்க. ரோடு கேட்டுக்கு வெளியே இருக்கு."

மறுநாள் காலை ஒர்னெல்லா இதை என்னிடம் சொன்னபோது காப்பியைக் கையிலேயே வைத்திருந்தாள், குடிக்கவில்லை. "தூல்லியோ, இருபத்தேழு வருஷமா நான் அந்த ரோட்டுலதான்டா இருக்கேன். தினமும் மூக்குல ஏறுது. ஆனா பேப்பர்ல பார்த்தா அந்த ரோடே இல்லையாம்" என்றாள்.

வேறு பெண்ணாக இருந்தால் அதோடு விட்டிருப்பாள். இவள் விடவில்லை. விடுமுறை நாளில் ஏழாவது வளைவில் மடக்கு நாற்காலி போட்டு, அதிலும் உட்காராமல், போகிற வருகிற காரை எண்ணினாள். எந்தக் காரில் எத்தனை பேர் என்று குறித்தாள். பாதிக் கார்களில் இரண்டே பேர். ராத்திரிச் சாப்பாட்டின்போது ஃபௌஸ்தோவின் காதில் ஓதினாள். பேருந்தில் ஏறுகிற துப்புரவுப் பெண்களிடம் சொன்னாள். பெட்ரோல் பங்க்காரனிடமே போய்ச் சொன்னாள். மதுக்கடையில் அவளுக்குப் 'பசுமை மகாராணி' என்று பேர் வைத்தார்கள். அவள் உள்ளே நுழைந்தால் யாராவது எழுந்து நின்று, "மகாராணி, என் மூச்சுக்காத்தும் புகைதான், விட்டுக்கவா?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள், ஆனால் அவள் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும்.

இலையுதிர் காலத்தில் பள்ளிக்கூட மண்டபத்தில் ஊர்க்கூட்டம் போட்டார் மேயர் ஒத்தாவியோ. அவருக்கே ஒரு ஓட்டல் உண்டு. ஒர்னெல்லா எழுந்து நின்று கேட்டாள்: சனிக்கிழமைகளில் வெளியூர்க் கார்களைப் போந்தால்தோ ரயிலடியிலேயே நிறுத்த வேண்டும். அங்கிருந்து கால் மணிக்கு ஒரு பேருந்து விட வேண்டும்.

"பஸ்ஸுக்கு எங்கம்மா போறது?" என்றார் மேயர்.

"பள்ளிக்கூட வண்டிங்க சனிக்கிழமை சும்மாதானே நிக்குது, மேயரே. பள்ளத்தாக்குல எட்டு வண்டி இருக்கு."

"பூட்ஸ், கட்டை, குழந்தை, பை, இதையெல்லாம் தூக்கிட்டு எவன் பஸ் ஏறுவான்? பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போயிடுவான்."

அப்போது ஃபௌஸ்தோ எழுந்தான். அக்காவைப் பார்க்காமல், மேயரைப் பார்த்தே பேசினான். "காரை நிறுத்தினவன்தான் இறங்கி என் கடைக்குள்ள வர்றான். அவன் வரலைன்னா நான் ஷட்டரை இழுத்து மூட வேண்டியதுதான். எங்க வீட்டு மாடியில இருந்துக்கிட்டே எனக்கு வேட்டு வைக்கிறாங்க."

"டேய், நான் உன் கடையைப் பத்தியா பேசுறேன்?"

"பின்ன யாரு கடை?"

கைதூக்கச் சொன்னார்கள். அவள் பக்கம் பதினோரு கை. எதிர்த்துத் தூக்கிய கைகளில் என்னுடையதும் ஒன்று. கடை வைத்திருப்பவன் வேறு என்ன செய்வான் என்று அப்போது நினைத்தேன். அவள் மண்டபத்தில் யாரையும் பார்க்கவில்லை. என்னை மட்டும் ஒரு தடவை பார்த்தாள்.

அந்தக் குளிர்காலம் பனி சரியாகப் பெய்யவில்லை. பீரங்கி மாதிரி எந்திரம் வைத்துத் தூவிய செயற்கைப் பனி, பழுப்பு மலையில் வெள்ளை ரிப்பன் மாதிரி ஒரே ஒரு பட்டையாகக் கிடந்தது. பனி இருக்கிற இடம் குறைந்ததால், இருக்கிற இடத்துக்கு எல்லோரும் வந்தார்கள். பிப்ரவரியில் திருவிழா விடுமுறை தொடங்கியதும் சாலை அடைத்துக்கொண்டது. வியாழக்கிழமை பேருந்து மூன்றாவது வளைவைத் தாண்டவே இல்லை. பிரீமோவுக்கு அன்றைய டயாலிசிஸ் தவறிப்போனது. "ஒரு நாள்தானே, சாகமாட்டேன்" என்று கிழவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் என் கடை வாசலில் நின்றபோதே கால் இரண்டும் வீங்கியிருந்தது. நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கியது. ஒர்னெல்லா அவரை முதல் இருக்கையில் ஏற்றி, தன் கோட்டை மடித்து முதுகுக்கு வைத்தாள். "இன்னிக்கு உங்களைக் கொண்டு சேர்த்துட்டுத்தான் மறுவேலை" என்றாள்.

இறங்குகிற வழி காலியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஏறி வருகிறவர்கள் வரிசையில் நிற்கப் பொறுக்காமல் எதிர்ப்பக்கத்திலும் புகுந்திருந்தார்கள். ஒன்பதாவது வளைவில் பேருந்து நின்றுபோனது. முன்னால் இரண்டு வரிசையிலும் கார், எல்லாம் மலையைப் பார்த்து நிற்கின்றன, எல்லாம் எஞ்சினை ஓட விட்டிருக்கின்றன. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். அதுவும் கீழே அதே வரிசையில் மாட்டிக்கொண்டிருந்தது. ஒர்னெல்லா இறங்கி ஒவ்வொரு காராகக் கண்ணாடியைத் தட்டி, "உள்ளே நோயாளி இருக்காரு, கொஞ்சம் பின்னால எடுங்க" என்று கெஞ்சியிருக்கிறாள். பத்துக் கார் நகர்ந்தால் வண்டி ஒரு வளைவு இறங்கும். மறுபடி இறங்குவாள், தட்டுவாள். பின்னாலிருந்து பிரீமோவின் மூச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். பதினாலு கிலோமீட்டருக்கு இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. ஆஸ்பத்திரி வாசலில் அவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கியபோது உதடு நீலமாக இருந்தது. நுரையீரலில் நீர் சேர்ந்துவிட்டது என்று தீவிர சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள்.

அவள் அங்கே காத்திருக்கவில்லை. எப்படிக் காத்திருப்பாள்? காலி வண்டியை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு வந்தாள். அங்கே நடந்ததைச் சில்வானோ சொல்லித்தான் எனக்குத் தெரியும். சில்வானோ பயந்த மனுஷன், ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. பாலத்தருகே தன் வண்டியோடு மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். பாலத்தின் மலைப்பக்க முனையில் ஒர்னெல்லாவின் நீல வண்டி வளைந்து, குறுக்காக நின்றது. எஞ்சின் அணைந்தது. மேலிருந்து இறங்குகிறவர்களுக்கு மட்டும் ஒரு கார் அகலத்துக்கு வழி. அந்தச் சந்தில் அவளே போய் நின்றுகொண்டாள்.

ஹாரன் காதைக் கிழித்தது. பெரிய கறுப்புக் காரிலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். "ஏம்மா, வண்டியை எடுக்கிறியா, போலீஸைக் கூப்பிடவா?"

"தாராளமா கூப்பிடுங்க. அவங்களும் இந்த வரிசையிலதான் வரணும்."

"நான் பணம் கட்டி ரோப் கார் டிக்கெட் எடுத்திருக்கேன்!"

"டிக்கெட் செல்லும். மேல காருக்குத்தான் இடம் இல்ல. ஆம்புலன்ஸ் வந்தா வழிவிடுவேன், ஊர்க்காரங்க வந்தா விடுவேன். நீங்க ரயிலடியில நிறுத்திட்டு வாங்க."

சில்வானோ ஓடி வந்து அவள் கையைப் பிடித்தான். "பைத்தியமா உனக்கு? வேலை போயிடும்."

"போகட்டும். நீ வேணும்னா பார்க்காத மாதிரி இரு."

கூட்டம் சேர்ந்தது. யாரோ பனியை உருட்டி அவள் மேல் எறிந்தார்கள். அந்த நேரத்தில், பின்னால் நின்ற ஒரு வேனிலிருந்து ஒரு தாய் மூன்று குழந்தைகளோடு வந்தாள். சின்னவளுக்கு அவசரமாகக் கழிப்பறை வேண்டும். ஒர்னெல்லா ரயிலடியைக் கைகாட்டினாள். போய்விட்டுத் திரும்பி வந்த தாய், பேருந்தை மேலும் கீழும் பார்த்தாள். "இது மேலதானே போகுது?"

"ஏறினா போகும்."

"அப்ப ஏறிக்கிறோம். இதுங்களைக் கார்ல இன்னும் ரெண்டு மணி நேரம் என்னால வச்சிருக்க முடியாது."

அவளைப் பார்த்து இன்னொரு குடும்பம் ஏறியது. பிறகு மாணவர் கூட்டம் ஒன்று, கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு பாடிக்கொண்டே ஏறியது. அரை மணியில் வண்டி நிறைந்துவிட்டது. இப்போது சிக்கல்: இந்த வண்டி கிளம்பினால் பாலம் திறந்துவிடும். ஒர்னெல்லா சில்வானோவைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவன் தொப்பியைக் கழற்றி, தலையைச் சொறிந்து, மறுபடி போட்டுக்கொண்டான். பிறகு தன் வண்டியைக் கொண்டுவந்து அதே இடத்தில் குறுக்காக நிறுத்தினான். "என் பொண்டாட்டி கேட்டா, பிரேக் பிடிக்கலைன்னு சொல்லிடு" என்றானாம்.

மூன்று மணி நேரம் அப்படி மாறி மாறி ஓட்டினார்கள். கார்களில் பாதி ரயிலடித் திடலுக்குப் போனது, மீதி திட்டிக்கொண்டே திரும்பியது. மேலே எனக்கு எதுவும் தெரியாது. பதினொன்றரைக்கு என் கடை வாசலில் நின்ற கார் வரிசை கரைந்துபோய், வெறும் சாலை கிடந்தது. எங்கேயோ மலை சரிந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒர்னெல்லாவின் வண்டி வந்தது, உள்ளே நின்றுகொண்டெல்லாம் ஆட்கள். இறங்கியவர்கள் நேராக என் கடைக்குள் வந்தார்கள். காரில் வருகிறவன் காரிலேயே பிளாஸ்க் வைத்திருப்பான். பேருந்தில் வருகிறவனுக்குக் குளிரும், பசிக்கும், அடுத்த வண்டி வரை நேரமும் இருக்கும். உண்மையைச் சொல்கிறேன், அன்று என் மனசாட்சிக்கு முன்னால் என் கல்லாதான் மனம் திருந்தியது.

இரண்டு மணிக்கு இரண்டு போலீஸ்காரர்கள் ரயிலில் வந்து இறங்கி, பாலத்துக்கு நடந்தே போனார்கள். அவள் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

பொதுச்சாலையை மறித்ததாக வழக்கு. அபராதம், ஓட்டுநர் உரிமம் ஒன்பது மாதத்துக்கு ரத்து. பேருந்து நிறுவனம் அவளை வண்டி கழுவும் கொட்டகைக்கு அனுப்பியது. சில்வானோவின் பிரேக் கதையை யாரும் நம்பவில்லை, ஆனால் வயசைப் பார்த்து விட்டுவிட்டார்கள். ஃபௌஸ்தோவுக்கு அன்று பருவத்தின் பெரிய சனிக்கிழமை, அதில் பாதி வியாபாரம் போனது. அவன் கத்தவில்லை. பேச்சையே நிறுத்திவிட்டான். மாடிப்படியில் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டான். ஏதாவது சொல்ல வேண்டுமானால் என்னிடம் சொல்வான்: "அவங்க வீட்டுக் குழாய் சொட்டுதுன்னு சொல்லு."

பிரீமோ எட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். முதல் வேலையாக என் கடைக்கு வந்து அவளை வரவழைத்தார். "எல்லாரும் நீ எனக்காகப் பாலத்தை மறிச்சேன்னு சொல்றாங்க. ஆனா அப்ப நான் ஆஸ்பத்திரிக்குள்ள போய்ச் சேர்ந்தாச்சு. நீ மறிச்சதால எனக்கு என்ன ஆச்சு? சொல்லு, எனக்காகவா, உன் கோபத்துக்காகவா?"

"தெரியல" என்றாள். "ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துச்சு. அதுதான் என்னைத் தூங்க விடல."

"என் பேரைச் சொல்லி மறிச்சா அடுத்த தடவை முன்கூட்டியே மறி" என்றார் கிழவர்.

வண்டி கழுவிய அந்த மாதங்கள்தான் அவளுக்குக் கொடுமை. குழாயைப் பிடித்துக்கொண்டு கொட்டகைக்குள்ளேயே நடந்துகொண்டிருப்பாள். கோடையில் ஒரு நாள் தாமியானா மறுசோதனைக்கு வந்தாள். நடந்ததைக் கேள்விப்பட்டிருந்தாள். படிவத்தில் அப்போதும் கட்டம் இல்லை. இந்த முறை அவள் தன் கையால் ஒரு தாள் எழுதி, சாலையைப் பற்றி முழுவதும் சொல்லி, படிவத்தோடு ஊசி குத்தி அனுப்பினாள். சான்று தரும் மேலிடம் அதைப் படித்துவிட்டு, சாலைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்று பதில் வரும்வரை சான்றைப் புதுப்பிக்க மாட்டோம் என்றது. கம்பெனி பதறியது. டிக்கெட்டிலிருந்து என் கோப்பை வரைக்கும் அந்தப் பச்சை முத்திரையைத்தான் அச்சடித்திருந்தார்கள். அடுத்த குளிர்காலத்தில் ஆறு சனிக்கிழமை கார்களைக் கீழேயே நிறுத்தி, பேருந்து விட்டு வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று மேயர் அறிவித்தார், தனக்கே தோன்றிய யோசனை மாதிரி.

முதல் சனிக்கிழமை படுதோல்வி. மழையும் பனியுமாகக் கொட்ட, ரயிலடியில் நாற்பது நிமிஷம் ஆட்கள் நனைந்தார்கள். பூட்ஸோடு பேருந்துப் படியில் ஒருவர் சறுக்கி விழுந்தார். வந்த கூட்டம் வழக்கத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். ஃபௌஸ்தோ கடை வாசலில் நாற்காலி போட்டு, கைகட்டி, தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். உரிமம் திரும்பக் கிடைத்து, ஒர்னெல்லா வண்டியில் அவனைக் கடந்து போனபோது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. நான்காவது சனிக்கிழமைக்கு ஓரளவு சீரானது. மூட்டை தூக்காமல் வந்தவர்கள் கட்டையும் பூட்ஸும் வாடகைக்குக் கேட்டு ஃபௌஸ்தோவின் கடையில் நின்றார்கள். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏப்ரலில் ஊர் மன்றம் முடிவெடுத்தது. ஐந்துக்கு நாலு வாக்கு. வருஷத்தில் கூட்டம் மிகுந்த பன்னிரண்டு சனிக்கிழமை மட்டும் கார் கிடையாது, மற்ற நாளெல்லாம் பழையபடி. சான்று புதுப்பிக்கப்பட்டது. ஊரே வாழ்த்த, ஒர்னெல்லா மண்டபத்தை விட்டு வெளியே வந்து என் சட்டையைப் பிடித்தாள்.

"புகைக்கு ஞாயித்துக்கிழமை லீவாடா?"

"பன்னிரண்டு நாளாவது கிடைச்சுதே."

"என் வண்டியும் டீசல்தான் குடிக்குது. பனி விழுற எல்லை வருஷா வருஷம் மேல ஏறிட்டே போகுது. பன்னிரண்டு நாளாம்!" சட்டையை விட்டுவிட்டு, கூட்டத்துக்கு எதிர்த்திசையில் விறுவிறுவென்று நடந்து போனாள்.

மே மாதம் அவள் போந்தால்தோவில், ரயிலடிக்குப் பின்னால், இரண்டு அறை வீடு பார்த்துக் குடிபோனாள். விடியற்காலை முதல் வண்டி இனி அங்கிருந்துதான் கிளம்புகிறது, அதனால்தான் என்றாள். ஃபௌஸ்தோவின் மாடியிலிருந்து சாமானை இறக்கி ஏற்ற நானும் போயிருந்தேன். எல்லாம் இறங்கிவிட்டது, அவள் அம்மாவின் அலமாரி ஒன்றுதான் மாடிப்படித் திருப்பத்தில் மாட்டிக்கொண்டது. மேலே அவள், கீழே நான். அசையவில்லை. கடைக் கதவு திறந்தது. ஃபௌஸ்தோ வந்து, என்னைத் தோளால் நகர்த்திவிட்டு, கீழ்ப்பக்கத்தைப் பிடித்தான்.

"அலமாரிக் காலைத் தூக்கு" என்றான்.

"நீ மொதல்ல உன் பக்கம் சாய்டா."

"இப்படித்தான் சாய்க்கணும். அம்மா வாங்கிட்டு வந்தப்ப நான்தான் ஏத்தினேன்."

"உனக்கு அப்ப எட்டு வயசு. நீ எங்கடா ஏத்தினே?"

"பதினோரு வயசு!"

அலமாரி சுவரில் ஒரு கோடு கிழித்துக்கொண்டு இறங்கியது. தெரு வரைக்கும் அவர்கள் வயசைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டு போனார்கள். பதினைந்து மாதத்தில் இருவரும் பேசியது அன்றுதான். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.